தெப்ராவ் ஆற்றின் அதிபர்
துணி மூட்டை சுமந்து வந்த தான் ஹியோக் நீயின் வரலாறு

வியாபாரம் தொடங்க நினைக்கும் எவரும் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. கைமுதலுக்கு எங்கே போவது என்பதே அது. சொந்தப் பணம் உள்ளவருக்குக் கவலையில்லை. மற்றவர்கள் தட்டக்கூடிய வாசல்கள் இரண்டே. ஒன்று அரசு வாசல். அங்கே மானியமும் உரிமமும் நிலமும் குத்தகையும் கிடைக்கும். மற்றொன்று சொந்தச் சமூகத்தின் வாசல். அங்கே கடனும், தவணைக்குச் சரக்கும், ஆள்பலமும், நமக்காக நாலு பேர் சொல்லும் நல்ல சொல்லும் கிடைக்கும்.

இவ்விரண்டு வாசல்களையும் தட்டித் திறந்து, ஒரு காலத்தில் ஜொகூர் முழுவதற்கும் பெரிய வணிகராக விளங்கிய ஒருவரின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம். அவர் தமிழருமல்லர், முஸ்லிமுமல்லர். சீன நாட்டிலிருந்து வந்த ஏழை இளைஞர். ஆயினும் அவர் எந்தத் தொழிலில் கால் வைத்தாரோ, அதே தொழிலில்தான் நம் முன்னோர் பலரும் இக்கரையில் கால் வைத்தார்கள். துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்கும் தொழில்தான் அது. அவர் பெயர் தான் ஹியோக் நீ. ஜொகூர் பாருவில் அவர் பெயரைத் தாங்கிய வீதியில் நடக்காத வணிகர் நம்மில் இருக்க முடியாது. வீதியை அறிந்த அளவுக்கு அந்த மனிதரை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே கேள்வி.

பிறப்பும் வருகையும்

ஹியோக் நீ 1827ஆம் ஆண்டில் தென்சீனத்தின் சாவ்ஷோ வட்டாரத்தில் பிறந்தார். தியோச்சூ மொழி பேசும் மக்களின் தாயகம் அது. நிலம் குறைவு, வாய்கள் அதிகம். ஆகவே அவ்வூர் இளைஞர்கள் பாய்க்கப்பல் ஏறித் தென்கடலுக்குப் போவது வழக்கமாயிருந்தது. நம் கீழக்கரை, நாகூர், காயல்பட்டினம், தொண்டி ஊர்களின் கதையும் இதுவேயல்லவா!

இளவயதிலேயே சிங்கப்பூர் வந்து சேர்ந்த அவருக்கு அங்கே சொத்து ஏதுமில்லை. துணி வாங்கி, மூட்டை கட்டி, தெருத்தெருவாக விற்றார். துணி விற்பவனுக்கு மற்ற வியாபாரிகளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. அவன் பெரிய மனிதர் வீட்டு வாசலிலும் போய் உட்காரலாம். உள்ளே இருப்பவர்கள் துணியைப் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். பாதிப் பணம் தந்து மீதியை அடுத்த முறைக்குச் சொல்வார்கள். அடுத்த முறையும் அவன் போக வேண்டும். அப்படிப் போகப் போகப் பழக்கம் ஏற்படும். பழக்கத்தில் நாணயம் இருந்தால் அது நம்பிக்கையாக மாறும்.

ஹியோக் நீ அடிக்கடி சென்ற இடங்களில் ஒன்று தெலோக் பிளாங்கா. அங்கேதான் ஜொகூரின் தெமெங்கோங் டாயிங் இப்ராஹீம் அவர்களின் அரண்மனையும் குடியிருப்பும் இருந்தன. தெமெங்கோங்கின் மைந்தர் அபூபக்கர் 1833ல் அவ்வூரில் பிறந்தவர். ஹியோக் நீயைவிட ஆறு வயது இளையவர். துணி மூட்டையுடன் வந்து போன சீன இளைஞருக்கும் மலாய் இளவரசருக்கும் அங்கே நட்பு உண்டாயிற்று. பின்னாளில் ஜொகூரின் சரித்திரத்தில் பெரிய விளைவுகளை உண்டாக்கிய நட்பு அது.

அன்றைய ஜொகூரின் நிலை

அந்த நட்பின் மதிப்பை அறிய வேண்டுமானால், அன்று ஜொகூர் எப்படி இருந்தது என்பதைச் சிறிது அறிய வேண்டும். இன்று கடைகளும் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்துள்ள இந்நிலம் அன்று பெருங்காடு. வழி என்பது ஆறுதான். ஆற்றின் முகத்துவாரத்தில் யார் இருக்கிறாரோ அவரே உள்நாட்டின் கதவைக் காப்பவர். காட்டில் செல்வம் இருந்தது. ஆனால் அதைத் திறப்பதற்கு வேண்டிய ஆள்களும் பணமும் தெமெங்கோங்கிடம் இல்லை.

ஆள்களும் பணமும் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் இருந்தன. அங்கே சீனர்கள் காம்பீரும் மிளகும் பயிரிட்டு வந்தார்கள். காம்பீர் என்பது நமக்குப் புதிய பொருளன்று. வெற்றிலையோடு நம் பாட்டிமார் மென்ற கத்தக்காம்புதான் அது. ஐரோப்பியர் அதைத் தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் ஏற்றவும் வாங்கினார்கள். 1830களில் பிரிட்டனில் அதன் மேலிருந்த சுங்கவரி குறைக்கப்பட்ட பின் தேவை பெருகிற்று.

காம்பீர்ச் செடி நட்டு ஒன்றரை ஆண்டுக்குள் இலை பறிக்கலாம். பிறகு ஆண்டில் பல தடவை பறிக்கலாம். இலையைப் பெரிய இரும்புச் சட்டியில் போட்டுக் காய்ச்சி, சாற்றைக் குழம்பாக்கி, உறைந்த பின் கட்டி கட்டியாக வெட்டுவார்கள். காய்ச்சிய இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். இப்படி ஒன்றுக்கொன்று உதவும் இரட்டைப் பயிர் அது. ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டும். தோட்டம் எவ்வளவோ அவ்வளவு காடும் அருகே வேண்டும். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சக்தியிழந்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். அப்புறம் இடம் மாறியாக வேண்டும். சிங்கப்பூரில் அந்த நிலை 1840களில் வந்தது. பயிரிட்டவர்களின் கண்கள் நீரிணையின் வடகரையை நோக்கித் திரும்பின.

ஆற்றுச் சீட்டு

1844ஆம் ஆண்டில் தெமெங்கோங் இப்ராஹீம் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். மலாயில் அதன் பெயர் சூராட் சுங்கை. ஆற்றுச் சீட்டு என்று நாம் சொல்லலாம். சீட்டைப் பெற்றவர் காங்சூ, அதாவது ஆற்றின் அதிபர். அவர் அமைக்கும் குடியிருப்பு காங்கார். காங்கார் தெப்ராவ், காங்கார் பூலாய் என்று இன்றும் ஊர்ப் பெயர்களில் நிற்கும் சொல் அதுவே. சிங்கப்பூரில் சோவா சூ காங், லிம் சூ காங் என்று வழங்கும் பெயர்களும் அதே வேரிலிருந்து வந்தவையே.

அந்த முதல் ஆண்டிலேயே தெப்ராவ் ஆற்றில் குடியேறியவர் தான் கீ சூன் என்பவர். சிங்கப்பூரில் ஙீ ஹெங் என்னும் சீனச் சங்கத்தில் செல்வாக்குப் பெற்றவர். தம்மைப் பின்பற்றியவர்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு வந்து, காடு வெட்டி, அத்தாப்புக் குடிசைகள் கட்டி, காங்கார் தெப்ராவை அமைத்தார். தான் குலத்தாரின் துறை என்னும் பொருளில் சீனர்கள் அதைத் தான் சூ காங் என்று அழைத்தார்கள். ஜொகூர் பாரு என்ற நகரம் தோன்றுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே தெப்ராவ் கரையில் கடையும் அடுப்பும் துறையும் இருந்தன. நம் ஊரின் வயதை நாம் இதிலிருந்து கணக்கிடலாம்.

இனி இந்தச் சீட்டு என்ன கொடுத்தது, என்ன கேட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அது இனாமாகக் கிடைத்த செல்வமன்று. குறிப்பிட்ட ஆற்றின் எல்லைக்குள் தோட்டம் திறக்கும் உரிமையை அது கொடுத்தது. அங்கே அரிசி கொண்டு வரவும், விளைச்சலை வெளியே அனுப்பவும், அவற்றின் மீது தரகு பெறவும் காங்சூவுக்கு உரிமை உண்டு. அடகுக் கடையும் அவர் கையில். அபின், சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி ஆகியவற்றை விற்கும் தனியுரிமையும் அவர் கையில். இதற்குப் பதிலாக அவர் ஆள்களைக் கொண்டுவந்து காட்டைத் திருத்த வேண்டும். குடியிருப்பில் அமைதி காக்க வேண்டும். அரசுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். சொன்னபடி தோட்டம் திறக்காதவரிடம் சீட்டு நிலைக்காது.

அரசர் கொடுத்தது உரிமை மட்டுமே, பணமன்று. இது மிக முக்கியம். சீட்டைக் கையில் வைத்திருப்பவனிடம் ஒரு மூட்டை அரிசி வாங்கவும் காசில்லாமல் இருக்கலாம். பணத்துக்கு அவன் தன் சமூகத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

சமூகத்தின் பணம்

அந்தப் பணம் சிங்கப்பூர்க் கடைத்தெருவில் இருந்தது. தியோச்சூத் தவுக்கேமார் தோட்டக்காரருக்கு அரிசி, எண்ணெய், உப்புமீன், மண்வெட்டி, இரும்புச் சட்டி எல்லாவற்றையும் கடனாகக் கொடுத்தார்கள். கடனுக்கு ஈடு வரப்போகும் காம்பீரும் மிளகும்தான். விளைச்சல் முழுவதையும் அந்தத் தவுக்கேயிடமே, சந்தை விலைக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மிளகு காய்க்க மூன்றாம் ஆண்டு ஆகும். அதுவரை காம்பீர்தான் சோறு போடும். அந்த இடைக்காலத்தில் கடன் கொடுத்தவர் பொறுமை காக்காவிட்டால் தோட்டம் மீண்டும் காடாகிவிடும்.

ஆற்றுச் சீட்டு பல சமயங்களில் ஒருவர் பெயரில் மட்டும் இருந்ததில்லை. பலர் பங்கு சேர்ந்து கொங்சியாக எடுத்தார்கள். பங்கை விற்கலாம், வாங்கலாம், சிங்கப்பூர்க் கடையில் ஈடு வைத்துக் கடனும் எடுக்கலாம். அரசரின் முத்திரை பதித்த ஒரு காகிதம் இவ்விதமாகக் கடைத்தெருவில் மூலதனமாக உருமாறிற்று. 1867ல் சிங்கப்பூரில் காம்பீர் மிளகு வணிகர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

பணத்தைப் போலவே ஆள்பலமும் சமூகத்திடமிருந்தே வந்தது. காட்டில் புலி உண்டு, காய்ச்சல் உண்டு. மொழி தெரியாத நாட்டில் இறந்தால் அடக்கம் செய்ய ஆள் வேண்டும். இந்த அச்சங்களுக்கெல்லாம் ஆதரவாக ஙீ ஹெங் சங்கம் இருந்தது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் அதைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். ஜொகூர் ஆட்சியோ அதனை ஏற்றுக்கொண்டு பொறுப்பையும் கொடுத்தது. 1873ல் வகுக்கப்பட்ட காங்சூச் சட்டம் அந்த ஒரு சங்கத்தைத் தவிர வேறெதுவும் ஜொகூரில் கூடாது என்று விதித்தது. சச்சரவு செய்யக்கூடிய பல சங்கங்களை விட, பதில் சொல்லக்கூடிய ஒரு சங்கம் மேல் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

முதல் சீட்டு

1853ஆம் ஆண்டில் ஹியோக் நீ தம் முதல் ஆற்றுச் சீட்டைப் பெற்றார். புக்கிட் பெராங்கான் ஆற்றுக்கு உரிய சீட்டு அது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. துணி விற்றவருக்கு எப்படி ஆறு கிடைத்தது? இளவரசரின் நட்பால் கிடைத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மையே. தெமெங்கோங்கின் மாளிகைக்கு வந்து போனவர்கள் எத்தனையோ பேர். சீட்டை வாங்கிச் சும்மா வைத்திருப்பவரால் அரசருக்கு ஒரு காசு வருமானமில்லை. காட்டை உண்மையிலேயே திறந்து காட்டக்கூடியவர் யார் என்பதே அவர் கவலை. அரண்மனையில் நட்பும், கடைத்தெருவில் நாணயமும், தம் மக்களிடையே செல்வாக்கும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது. ஹியோக் நீயிடம் அது சேர்ந்திருந்தது.

சிங்கப்பூர்த் தவுக்கேமாரும் அவரை நம்பக் காரணம் இருந்தது. ஜொகூர் அரசில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது தெரிந்தபின், அவருக்குக் கொடுத்த கடன் காட்டில் தொலையாது என்று நினைத்தார்கள். அரசு அவரை நம்பியதால் சமூகம் பணம் கொடுத்தது. சமூகம் பணம் கொடுத்ததால் அரசு மேலும் நம்பியது. ஒரு வாசல் மற்றொரு வாசலைத் திறந்துவிட்டது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் ஒன்றன் பின் ஒன்றாகச் சீட்டுகளைச் சேர்த்தார். 1860களின் நடுப்பகுதிக்குள் ஒன்பது ஆறுகள் அவர் ஆதிக்கத்தில் வந்தன. ஜொகூரில் அவருக்கு இணையான காங்சூ இல்லை. தெப்ராவில் கீ சூனுக்குப் பின் அவருடைய வளர்ப்பு மகன் தான் செங் ஹுங் சிறிது காலம் தலைமை வகித்தார். அவருக்குப் பின், அதே 1860களில், அத்தலைமையும் ஹியோக் நீயிடமே வந்தது. துணி மூட்டையோடு அலைந்தவர் தெப்ராவ் ஆற்றின் அதிபரானார்.

நகரம் எழுந்தது

1855ல் தெமெங்கோங் இப்ராஹீம் பிரிட்டிஷார் முன்னிலையில் சுல்தான் அலியுடன் உடன்படிக்கை செய்து ஜொகூரின் ஆட்சியுரிமையை உறுதி செய்துகொண்டார். அதே ஆண்டில் தஞ்சோங் புத்ரியில் புதிய ஊர் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவரை தெப்ராவ் போன்ற ஆற்றுக் குடியிருப்புகள்தான் ஜொகூரின் கடைத்தெருக்கள். 1862ல் இப்ராஹீம் காலமானார். ஆட்சி அபூபக்கர் கைக்கு வந்தது. 1866ல் புதிய ஊர் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. 1868ல் அபூபக்கர் மகாராஜாவானார்.

நகரம் என்று பெயர் வைத்தால் போதாது. கடை வேண்டும், சந்தை வேண்டும், ஆள்கள் வேண்டும். ஹியோக் நீ அங்கே நிலம் பெற்றுக் கடைவீடுகள் கட்டினார். இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ள வீதி அவ்விதம் எழுந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலின் தோற்றத்தையும் அவர் பெயரோடு சேர்த்தே கூறுவர். அங்குள்ள பழம்பொருள்கள் 1870ஆம் ஆண்டைக் காட்டுகின்றன. தியோச்சூக்காரர் மட்டுமன்றி ஐந்து மொழிப்பிரிவுச் சீனர்களும் அந்த ஒரே கோயிலில் சேர்ந்து கொண்டார்கள். சிங்கப்பூரில் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்ட பிரிவினர் ஜொகூரில் ஒரே கூரையின் கீழ் வந்தது சிறிய காரியமன்று.

1870ஆம் ஆண்டில் மகாராஜா அவருக்கு ஜொகூரின் மேஜர் சைனா என்னும் பதவியை அளித்தார். சீனர் அனைவருக்கும் தலைவர் என்பது அதன் பொருள். ஆலோசனைச் சபையிலும் அவர் இடம் பெற்றார். மகாராஜாவின் அரசில் பல இனத்தவருக்கும் அன்று இடம் இருந்தது என்பதை இங்கே குறிப்பிடலாம். முன்ஷி அப்துல்லாவின் மகன் முகம்மது இப்ராஹீம் அதே காலத்தில் ஜொகூர் அரசில் பணிபுரிந்து தத்தோ பெந்தாரா டாலம் என்னும் உயர்பதவி வரை சென்றார். முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணம் புரிந்தவர் என்பதும், வணிகக் கணக்குக்கு உதவும் என்று அப்துல்லா சிறுவயதில் மலாக்காவில் தமிழ் கற்றார் என்பதும் நம்மவர் அறிய வேண்டியவை. அரசுரிமை பெற்றுப் பெருநிலம் திறந்த முஸ்லிம் வணிகரும் உண்டு. 1878ல் குக்குப் பகுதியில் பெரிய நிலவுரிமை பெற்ற செய்யிது முகம்மது அல்சாகோஃப் அவர்களில் ஒருவர்.

செல்வத்தின் மறுபக்கம்

ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது வெளிச்சத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. காங்சூவின் பெரும் இலாபம் மிளகிலிருந்து மட்டும் வந்ததன்று. அபினிலிருந்து வந்தது. காட்டில் உடல் நோக உழைத்த கூலியாள் மாலையில் வலியை மறக்க அபின் புகைத்தான். அதை விற்றவர் அவனுக்குக் கூலி கொடுத்த அதே முதலாளி. அரிசியும் அவர் கடையில், சாராயமும் அவர் கடையில், சூதாட்டமும் அவர் இடத்தில். ஒரு கையால் கொடுத்த கூலி மறுகையால் திரும்பி வந்தது. கடன் புத்தகத்தில் பற்று ஏறிக்கொண்டே போனது. ஊருக்குப் பணம் சேர்த்துப் போகலாம் என்று கப்பல் ஏறிய எத்தனையோ பேர் கடன் தீராமலே தோட்டத்து மண்ணில் அடங்கினார்கள்.

1870ல் ஹியோக் நீ, தான் செங் போ, சியாங் ஹோங் லிம் ஆகிய மூவரும் கூட்டுச் சேர்ந்து சிங்கப்பூர், ஜொகூர் இரண்டுக்கும் உரிய அபின், சாராயக் குத்தகைகளை ஒன்றாக எடுத்தார்கள். 1879 வரை நீடித்த அந்தக் கூட்டு அக்காலத்தில் இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய வணிக அமைப்புகளில் ஒன்று. அதில் கிடைத்த பணம் அளவற்றது. அரசுகளுக்கும் அந்தக் குத்தகைதான் பெரிய வருமானம். ஆகவே யாரும் அதைத் தடுக்கவில்லை. சட்டம் அனுமதித்த தொழில்தான். ஆனால் சட்டம் அனுமதித்த எல்லாவற்றிலும் பரக்கத் இருக்கிறதா என்பது நம் போன்ற வணிகர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஹலாலான சரக்கை விற்றுச் சிறுகச் சேர்க்கும் கடைக்காரர் ஒருவர், அந்நாளைய குத்தகைக்காரரின் ஐந்தொகையைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் அவர் கட்டியெழுப்பியவற்றை மறுப்பதாகாது. காடு நாடானது அந்த மக்களின் உழைப்பால். அதை ஒழுங்குபடுத்தியவர்களில் முதல்வர் அவர். இரண்டும் ஒரே பேரேட்டில் எழுதப்பட வேண்டியவை; வரவை எழுதிப் பற்றை மறைக்கும் கணக்கு கணக்காகாது.

விலகத் தெரிந்தவர்

1875ல், நாற்பத்தெட்டாம் வயதில், செல்வாக்கின் உச்சியில் இருந்தபோதே ஹியோக் நீ ஜொகூர்ப் பொறுப்புகளிலிருந்து விலகிச் சிங்கப்பூர் சென்றார். பதவியை விட்டு இறங்கத் தெரிந்தவர்கள் குறைவு. எல்லா ஆறுகளையும் ஒருவரே பிடித்துக்கொண்டிருந்தால் அரசருக்கும் அச்சம் வரும், மற்ற வணிகருக்கும் மனக்கசப்பு வரும். எது எப்படியாயினும் அரசரோடு பகைத்துக்கொண்டு போனவராக அவரை வரலாறு காட்டவில்லை.

சிங்கப்பூரில் 1880களின் முற்பகுதியில் அவர் கட்டிய மாளிகை இன்றும் கிளமென்சோ அவென்யூ அருகே நிற்கிறது. தியோச்சூச் செல்வர்கள் அந்நகரில் கட்டிய நான்கு பெரும் மாளிகைகளில் எஞ்சி நிற்பது அது ஒன்றே. பின்னாளில் இரயில் நிலைய அதிகாரியின் இல்லமாகவும், பெண் பிள்ளைகளின் இல்லமாகவும், 1938 முதல் பல ஆண்டுகள் இரட்சணிய சேனையின் தலைமையகமாகவும் அது பயன்பட்டது. 1974ல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது.

தாயகத்தையும் அவர் மறக்கவில்லை. சாவ்ஷோவில் தம் குலத்தாருக்காக ஒரு முன்னோர் மண்டபத்தை 1870ல் கட்டத் தொடங்கினார். அது முடியப் பதினான்கு ஆண்டுகளாயின. அதன் கல்வேலைப்பாடுகள் அந்நாட்டவர் போற்றிக் காக்கும் செல்வங்களுள் ஒன்றாக இன்றும் உள்ளன. முதுமையில் அவர் தாயகம் திரும்பினார். 1902ஆம் ஆண்டில் எழுபத்தைந்தாம் வயதில் அங்கேயே காலமானார். அவருடைய நண்பர் அபூபக்கர் 1885ல் ஜொகூர் சுல்தானாக அங்கீகாரம் பெற்று, 1895ல் இலண்டனில் காலமாகிவிட்டிருந்தார்.

சீட்டு முடிந்தது

ஹியோக் நீக்குப் பின் அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. காம்பீர் மண்ணைத் தின்றது. சாயத்துக்கும் தோல் பதனிடவும் புதிய பொருள்கள் வந்தன. ரப்பர் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. 1917ல் காங்சூ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1919ல் ஙீ ஹெங் சங்கமும் கலைந்தது. ஆற்றின் வழியாக வந்த வணிகம் சாலைக்கும் இரயிலுக்கும் மாறிற்று. தெப்ராவ் என்றால் ஆறு என்றிருந்த காலம் போய், தெப்ராவ் என்றால் நெடுஞ்சாலை என்று சொல்லும் காலம் வந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

சங்கத்துக்கு வரும் இளைஞர்கள் பலரும் மானியம் எங்கே கிடைக்கும், கடன் யார் தருவார் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் சில உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, அவர் உதவி கேட்பதற்கு வெகு நாட்களுக்கு முன்பே அறிமுகமாகியிருந்தார். தேவை வந்தபின் ஓடிப்போய்க் கதவைத் தட்டுபவரை எவரும் அறியார். பத்து ரூபாய்ச் சரக்கில் நாணயம் காட்டியவரை நம்பித்தான் பத்தாயிரம் வெள்ளிச் சரக்கைக் கொடுப்பார்கள். துணி மூட்டை சுமந்த ஆண்டுகள் வீணானவையல்ல. அவையே அவருடைய உண்மையான கைமுதல்.

இரண்டாவது, அரசு கொடுப்பது பெரும்பாலும் வாய்ப்புதான். அதை நடத்தும் பணமும் ஆளும் வேறிடத்திலிருந்து வர வேண்டும். மானியம் கிடைத்துவிட்டது என்று கடையைப் பெரிதாக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சரக்கு வாங்க வழியின்றித் தவிப்பவரை நாம் பார்க்கிறோம். சீட்டு கையில் வரும்போதே அரிசிக்கு வழி என்ன என்று ஹியோக் நீ போன்றவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, கொடுத்ததற்குப் பதில் சொல்லும் கடமை. அரசரின் சீட்டுக்குத் தோட்டம் திறந்து காட்ட வேண்டும். தவுக்கேயின் கடனுக்கு விளைச்சல் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். சமூகத்தின் உதவியை அன்பளிப்பாக எண்ணிச் செலவழிப்பவர், தமக்குப் பின்னால் வரும் இளைஞருக்கும் கதவை அடைத்துவிடுகிறார். அது அமானத். ஒருவர் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

நான்காவது, கொடுக்கும் நிலையில் உள்ள பெரியவர்களுக்கு. தியோச்சூத் தவுக்கேமார் மிளகு காய்க்கும் வரை மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவர்கள் தருமத்துக்காகக் காத்திருக்கவில்லை. தங்கள் இலாபத்துக்காகவே காத்திருந்தார்கள். அதற்காகக் குறைந்த விலையில் விளைச்சலையும் எடுத்துக்கொண்டார்கள். வட்டியின்றியும் நெருக்கடியின்றியும், பங்கு சேர்ந்தோ தவணைக்குச் சரக்குக் கொடுத்தோ நம் இளைஞர் ஒருவரை மூன்று ஆண்டுகள் தாங்கிப் பிடிக்க நம்மிடையே எத்தனை பேர் முன்வருவோம்? நம் வியாபாரிகள் தனித்தனியே கெட்டிக்காரர்கள். சேர்ந்து நிற்பதில்தான் குறை. பக்கத்துக் கடைக்காரருக்குச் சரக்குக் கொடுத்தால் தன் கடை படுத்துவிடும் என்று அஞ்சுகிறோம்.

கடைசியாக ஒன்று. ஆற்றுச் சீட்டு பெற்றவர்கள் ஜொகூரில் எத்தனையோ பேர். பலருடைய பெயர் ஓர் ஊர்ப் பெயருக்குள் மறைந்துவிட்டது, பலருடையது அதுவுமின்றிப் போயிற்று. காம்பீர் காய்ச்சிய கூலியாட்களின் பெயரோ எந்த வீதியிலும் இல்லை. ஜாலான் தான் ஹியோக் நீயில் அடுத்த முறை கொள்முதலுக்குப் போகும் நம் வணிகர்கள், துணி மூட்டை சுமந்த அந்த இளைஞரையும், அவருக்காகக் காடு வெட்டிய பெயரற்றவர்களையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்களாக.